ட்ரெய்லரில் எல்.இ.டி. மாற்றினால் பேட்டரி விடியும்வரை தாங்குமா?

கேள்வி: ஐயா, நாங்கள் வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறோம். போன வருடம் 2006 மாடல் ட்ராவல் ட்ரெய்லர் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் தங்கும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 26 அடி நீளம். அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்மோக்கி மலையில் எல்க்மான்ட் முகாமுக்குப் போனோம். இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது. முதல் இரவே விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஃபர்னஸ் (கேஸில் எரியும் ஹீட்டர்) குளிர்ந்த காற்றை ஊத ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் போட்டால் மங்கலாக எரிந்தது. அப்பாவுக்கு 74 வயது. மறுநாள் காலையிலேயே திரும்பிவிட்டோம். கூரையில் பத்து விளக்குகள், ஒவ்வொன்றிலும் 921 என்று எழுதிய இரண்டு பல்புகள். சமையல் மேடைக்கு மேலே ஓர் இரட்டை டியூப் லைட். இரண்டு விளக்குகளின் மூடி பழுப்பேறி இருக்கிறது. எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றினால் பிரச்சினை தீரும் என்கிறார்கள் நண்பர்கள். தீருமா? அப்பா அடுத்த முறை வரும்போது சென்னை ஜி.பி. ரோட்டில் காருக்குப் போடும் எல்.இ.டி. பல்புகளை வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றுங்கள். உங்கள் ட்ரெய்லருக்கு இப்போது செய்யக்கூடிய வேலைகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் பட்ட குளிருக்கு விளக்கு மட்டும் காரணம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருபது பல்பையும் மாற்றிவிட்டுக் கிளம்பினால், அடுத்த அக்டோபரில் முதல் இரவு தப்பிக்கும், இரண்டாம் இரவு அப்பா மறுபடி குளிரில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

ட்ரெய்லருக்குள் இரண்டு விதமான கரண்ட் ஓடுகிறது. ஏசி, மைக்ரோவேவ், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் எல்லாம் 120 வோல்ட். முகாமில் கரண்ட் இணைப்போ ஜெனரேட்டரோ இருந்தால்தான் அவை வேலை செய்யும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபர்னஸின் மின்விசிறி, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, கேஸ் கசிவு அலாரம் இவையெல்லாம் 12 வோல்ட். எல்க்மான்ட்டில் இவை அத்தனையும் முன்பக்கம் ஏ வடிவக் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒற்றை பேட்டரியை நம்பித்தான் ஓடின.

இந்த வயது ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது குரூப் 24 அளவு லெட்-ஆசிட் பேட்டரி. நல்ல நிலையில் அதன் கொள்ளளவு சுமார் 75 ஆம்பியர்-மணி. ஓர் ஆம்பியர் கரண்டை ஒரு மணி நேரம் எடுத்தால் ஓர் ஆம்பியர்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்கலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது பழைய அளவுக்கு ஏறாது. ஆக, உங்கள் கையில் இருந்தது ஓர் இரவுக்கு 38 ஆம்பியர்-மணி.

இப்போது அந்த இரவின் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். 921 பல்பு ஒன்று 1.4 ஆம்பியர் இழுக்கும். பத்து விளக்கில் ஆறு எரிந்ததாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பல்பு, 16.8 ஆம்பியர். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை சமையல், சாப்பாடு, பேச்சு என்று எரிந்திருந்தால் 50 ஆம்பியர்-மணி போய்விட்டது. படுக்கப் போகும்போதே பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. மீதி இருந்தது சுமார் 25. அதற்குப் பிறகு ஃபர்னஸ். இந்த அளவு ட்ரெய்லர்களில் இருக்கும் ஃபர்னஸ் விசிறி ஓடும்போது 7 ஆம்பியர் சுமாருக்கு எடுக்கும். அந்தக் குளிருக்குப் பாதி நேரம் ஓடியிருந்தால் மணிக்கு 3.5. கேஸ் அலாரம், ஃப்ரிட்ஜ் பலகை போன்ற சில்லறைச் செலவு மணிக்கு 0.7 என்று சேர்த்தால் 4.2. ஐந்து மணி நேரத்தில் 21. பத்து மணியோடு ஐந்தைக் கூட்டினால், நீங்கள் எழுந்த அதே மூன்று மணி.

விளக்கு மங்கலாகவாவது எரிந்ததே, ஃபர்னஸ் மட்டும் ஏன் கைவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஃபர்னஸுக்குள் செயில் சுவிட்ச் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. விசிறியின் காற்று போதிய வேகத்தில் வந்து அதைத் தள்ளினால்தான் கேஸ் திறந்து நெருப்புப் பற்றும். பேட்டரி இறங்கியதும் விசிறி சுற்றும், ஆனால் வேகம் போதாது. தகடு நகராது. நெருப்பில்லாமல் விசிறி மட்டும் ஓடி வெளிக்குளிரைப் போலவே காற்றை ஊதும். இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, ஃபர்னஸில் பழுது என்று யாராவது உங்களிடம் அதை மாற்றச் சொன்னால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள்.

இதே இரவை எல்.இ.டி.யோடு கணக்குப் போடுவோம். 921-க்குப் பதிலாக வரும் எல்.இ.டி. சுமார் 0.2 ஆம்பியர் எடுக்கும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 2.4. மூன்று மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-மணிதான். 50 இருந்த இடத்தில் 7. ஆனால் ஃபர்னஸ் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 28, சில்லறைச் செலவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 8. மொத்தம் 43. முதல் இரவு விடியும்வரை தாங்கும், கொஞ்சம் வரம்பு மீறித்தான். மறுநாள் பகலில் சார்ஜ் ஏற்றாவிட்டால் இரண்டாம் இரவு விடியும்வரை தாங்காது. விளக்கை மாற்றிய பிறகு உங்கள் பேட்டரியைத் தின்பது ஃபர்னஸ் விசிறிதான், அதை எந்த பல்பாலும் குறைக்க முடியாது.

அதனால் பல்புக்கு முன்னால் பேட்டரியைச் சோதியுங்கள். ட்ரெய்லரோடு கூட வந்த பேட்டரிக்கு என்ன வயது என்று உங்களுக்குத் தெரியாது. முந்தைய சொந்தக்காரர் அதை எத்தனை முறை அடிவரை இறக்கினார் என்றும் தெரியாது. கழற்றிக்கொண்டு கார் உதிரிபாகக் கடைக்குப் போனால் லோடு வைத்துச் சோதித்துச் சொல்வார்கள், பல கடைகளில் இலவசமாகவே. மூடி திறக்கிற வகை என்றால் உள்ளே தகடுகள் மூழ்கும்படி தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். 75 என்று நான் போட்ட கணக்கு உங்கள் பேட்டரியில் இப்போது 40 ஆகக்கூட இருக்கலாம்.

இரண்டு இரவு குளிர்காலத்தில் தங்குவதுதான் உங்கள் ஆசை என்றால், என் யோசனை 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டு. தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும், 200 ஆம்பியர்-மணிக்கு மேல். அதில் பாதி எடுத்தாலும் மேலே போட்ட 43 இரண்டு முறை போகும். ஒவ்வொன்றும் 30 கிலோவை நெருங்கும் என்பதால் முன்பக்க எடை கூடும். உங்கள் இழுவை வண்டியின் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லித்தியம் பற்றி நண்பர்கள் சொல்வார்கள். நல்லதுதான், எடையும் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது, 120 வோல்ட்டை 12 ஆக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் உங்கள் 2006 கன்வெர்ட்டரும் அதற்கேற்ற வோல்டேஜ் தருமா என்று பார்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு இப்போதே அவசரமில்லை. கூரையில் சோலார் போடலாமா என்று யோசித்தால், எல்க்மான்ட் மாதிரி மரம் மூடிய இடத்தில் அதை நம்ப முடியாது. அனுமதித்த பகல் நேரத்தில் சின்ன ஜெனரேட்டரைச் சில மணி நேரம் ஓட்டுவது அதைவிட உறுதி.

இனி பல்பு. அப்பா அன்போடு சொல்கிறார், ஆனால் கார் பல்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜி.பி. ரோட்டிலானாலும் அமெரிக்கக் கடையிலானாலும் இதே பதில்தான். கார் எல்.இ.டி. பெரும்பாலும் 6000 கெல்வின் நீல வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். சில நிமிடங்கள் எரியும் ரிவர்ஸ் லைட்டுக்கு அது போதும். மூன்று மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் கண் வலிக்கும். அதைவிட முக்கியமானது, கார் கம்ப்யூட்டர் 'பல்பு போய்விட்டது' என்று எச்சரிக்காமல் இருக்க, சில கார் பல்புகளுக்குள் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரை வைத்து கரண்டை வீணாக்குவார்கள். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பதையே அது சூடாக்கி விரயம் செய்யும்.

மலிவு பல்புகளில் இன்னொரு சிக்கல். உள்ளே மூன்று எல்.இ.டி.யைத் தொடராக வைத்து ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டிருப்பார்கள். மூன்றும் சேர்ந்து சுமார் 9.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் ரெசிஸ்டர்மேல் விழுவது 2.7 வோல்ட். கன்வெர்ட்டர் பேட்டரியை வேகமாகச் சார்ஜ் செய்யும்போது 14.4 வோல்ட் வரை வரும். அப்போது ரெசிஸ்டர்மேல் 5.1 வோல்ட். அதாவது கரண்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடும். கரண்ட் இணைப்புள்ள முகாமில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் பாதி பல்புகள் கண் சிமிட்ட ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். அட்டையில் '10 முதல் 30 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும் ஆர்.வி. (இதுபோன்ற தங்கும் வண்டி) பல்பாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குள் கரண்டை ஒரே அளவில் வைக்கும் சர்க்யூட் இருக்கும், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை.

வெளிச்சத்தை வாட்டில் பார்க்காதீர்கள், லூமனில் பாருங்கள். பழைய 921 தருவது சுமார் 260 லூமன். 200-க்குக் குறைந்த எல்.இ.டி. போட்டால் 'முன்பு நன்றாக இருந்ததே' என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். 500 என்று விளம்பரம் செய்வதை அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே தாங்க முடியாது. நிறம் 2700 முதல் 3000 கெல்வின் படுக்கைக்கும் உட்காரும் இடத்துக்கும். ஊரில் டியூப் லைட் வெளிச்சத்தில் பழகிய அம்மாவுக்குச் சமையல் மேடையில் அது மஞ்சளாகத் தெரிந்தால், அங்கே மட்டும் 4000 போடுங்கள். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 90-க்கு மேல் கிடைத்தால் அப்பா மாத்திரை அட்டையைப் படிக்கும் இடத்துக்கு அதை வாங்குங்கள். வெள்ளை மாத்திரையையும் வெளிர்மஞ்சள் மாத்திரையையும் பிரித்துப் பார்க்க அது உதவும்.

இருபதையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இரண்டு வாங்கி, ஒரு விளக்கில் போட்டு, ஒரு மாலை முழுக்க எரியவிட்டுப் பாருங்கள். எரியும்போது எஃப்.எம். ரேடியோவில் சிக்னல் குறைந்த ஒரு நிலையத்தை வைத்துக் கேளுங்கள். மலிவான சர்க்யூட் உள்ள எல்.இ.டி. ரேடியோவிலும் டி.வி. ஆன்டெனாவிலும் இரைச்சல் கிளப்பும். மலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் 162 மெகாஹெர்ட்ஸில் வரும் வானிலை ரேடியோதான் வெள்ள எச்சரிக்கையையும் புயல் எச்சரிக்கையையும் உங்களிடம் கொண்டுவரும். அதையும் ஒருமுறை விளக்கு எரியும்போது போட்டுப் பாருங்கள்.

மாற்றும் வேலை கடினமில்லை. கரண்ட் வயரைக் கழற்றி, பேட்டரியின் துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பல்பு ஆறும்வரை காத்திருங்கள். 18 வாட் பல்பு இரண்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள், தொட்டால் தோல் பொத்துவிடும். உங்கள் மூடிகள் பழுப்பேறியதும் அந்தச் சூட்டினால்தான். பழுத்த அந்த இரண்டு விளக்குகளில் மூடியை மட்டும் பார்க்காமல் பல்பு ஹோல்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் நொறுங்கினாலோ, செம்புத் தகடு கறுத்துத் தளர்ந்திருந்தாலோ, பல்பு மாற்றிப் பயனில்லை, விளக்கையே முழுதாக மாற்றிவிடுங்கள். எல்.இ.டி. குறைந்த கரண்டில் எரிவதால் தளர்ந்த தொடர்பில் அணைந்து அணைந்து எரியும். பல்பைக் குறை சொல்வோம், குற்றம் ஹோல்டரில் இருக்கும். மற்ற ஹோல்டர்களின் தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும்.

போட்டதும் எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றி 180 டிகிரி திருப்பிச் செருகுங்கள். சில எல்.இ.டி.க்குப் பிளஸ் மைனஸ் உண்டு. படுக்கையருகே உள்ள வாசிப்பு விளக்கில் அமுக்கித் திருப்பும் வகை இருந்தால், பழைய பல்பின் அடியைப் பார்த்து வாங்குங்கள்: 1141, 1156-க்கு அடியில் ஒரு புள்ளி, 1076-க்கு இரண்டு புள்ளி. ஒன்றுக்கு மற்றது சேராது. ஃப்யூஸை மட்டும் தொடாதீர்கள். கரண்ட் குறைந்துவிட்டது என்று அதே வரிசையில் பெரிய மோட்டாரோ ஹீட்டரோ சேர்த்து ஃப்யூஸைப் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுவருக்குள் போகும் வயர் பழைய வயர்தான், அந்தக் கரண்டை அது தாங்காது.

சமையல் மேடை டியூப் லைட்டுக்குள் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சோக் இருக்கிறது. கடையில் வீட்டுக்கு விற்கும் எல்.இ.டி. டியூப் 120 வோல்ட்டுக்கானது, அதைக் கொண்டுவந்து செருகாதீர்கள். 12 வோல்ட்டில் நேராக எரியும் எல்.இ.டி. டியூப் வாங்கி, சோக்கை வயரிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டு இணைக்க வேண்டும். வயரைத் தொட்டுப் பழக்கமில்லை என்றால் அந்த விளக்கைக் கழற்றிவிட்டு, அதே நீளத்தில் தயாராக வரும் எல்.இ.டி. விளக்கை மாட்டுவது சுலபம். பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் போடாமல் உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

எல்.இ.டி. வந்த பிறகு நீங்கள் இழக்கப்போகும் ஒன்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பழைய பல்பு பேட்டரி இறங்க இறங்க மங்கும். 12.8 வோல்ட்டில் தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 12 வோல்ட்டிலேயே குறைந்துவிடும். அன்று இரவு விளக்கு மங்கியதைப் பார்த்துத்தான் பேட்டரி என்று உங்களுக்குத் தெரிந்தது. நல்ல எல்.இ.டி. பேட்டரி செத்துப்போகும் நிலைவரை அதே வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும், எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் பல்போடு சேர்த்து ஒரு வோல்ட்மீட்டர் வாங்குங்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னது போதும். எல்லாவற்றையும் அணைத்து, சார்ஜ் ஏற்றாமல் சில மணி நேரம் விட்ட பேட்டரி 12.7 காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஃபர்னஸ் ஓடும்போது பார்த்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், அதை நம்பிப் பதற வேண்டாம். இரவு படுக்கப் போகும்முன் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வாசல் விளக்குக்கு மஞ்சள் நிற எல்.இ.டி. போடுங்கள், பூச்சி குறைவாக வரும். மே கடைசி, ஜூன் மாதத்தில் எல்க்மான்ட் போவதாக இருந்தால் அந்த விளக்கையே போடாதீர்கள். அங்கே ஒரே நேரத்தில் சேர்ந்து மின்னும் மின்மினிகளைப் பார்க்கத்தான் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கைவிளக்குக்கே சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டச் சொல்வார்கள். அப்பா அம்மா இரவில் கழிவறைக்குப் போக, படியருகே தரையை ஒட்டி மங்கலான சிவப்போ ஆம்பரோ ஒரு சிறு எல்.இ.டி. வைத்துவிட்டால், இரவு முழுக்க எரிந்தாலும் பேட்டரி அதை உணராது.

பின்பக்க பிரேக் லைட், இண்டிகேட்டர், ஓரத்து அடையாள விளக்குகளில் கை வைக்க வேண்டாம். அவை இழுவை வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பவை, முகாமில் உங்கள் பேட்டரிக்கு அவற்றால் செலவில்லை. சாலையில் பின்னால் வருகிறவருக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவற்றுக்கு மத்திய அரசின் விதி இருக்கிறது. பழைய கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பை மட்டும் செருகினால் அந்தக் கோணம் மாறிவிடும். என்றாவது மாற்ற வேண்டி வந்தால் டி.ஓ.டி. (மத்தியப் போக்குவரத்துத் துறை) முத்திரை உள்ள முழு விளக்காக வாங்கி மாட்டுங்கள்.

இந்த வாரம் பேட்டரியைச் சோதியுங்கள். தேறினால் இரண்டு பல்பும் ஒரு வோல்ட்மீட்டரும் வாங்குங்கள். தேறாவிட்டால் பேட்டரிப் பெட்டியின் நீள அகல உயரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். அதில் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டு உட்காருமா, பெரிய பெட்டி வேண்டுமா என்று சொல்கிறேன்.